கழுவிக் கொண்டுபோன சொற்கள்

ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சொல் கொண்டுபோகும் நாட்களில் அவர் காரை மிக மெதுவாக ஓட்டுவார். ஓல்போர்க் போகும் பெரும்பாதையில் பின்னால் வரும் லொறிகள் விளக்கடித்துக் கோபித்தாலும் அவர் அசையமாட்டார். ஏன் இப்படி ஊர்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"கழுவ நேரம் வேணும் பிள்ளை," என்றார். "அங்க சொன்னதை அப்பிடியே கொண்டந்து இங்க கொட்ட நான் என்ன தபால்காரனே?"

எங்கள் நகரத்துத் தமிழர்கள் அவரை ஐஸ் அண்ணை என்று அழைத்தார்கள். வயதுக்கு நான் அவரை மாமா என்றுதான் அழைத்திருக்க வேண்டும். ஆனால் கைக்குழந்தையிலிருந்து கிழவர்வரை எல்லோருக்கும் அவர் அண்ணை. டென்மார்க்கில், யூலாந்துத் தீபகற்பத்தின் நடுவே ஒரு சிறிய நகரம் எங்களுடையது. காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலை ஒன்று, முதியோர் இல்லம் ஒன்று, பனிச்சறுக்கு மண்டபம் ஒன்று. அந்த மண்டபத்தில், சறுக்குக் கத்திகள் கீறிப்போட்ட பனித்தளத்தைச் சீவி, வெந்நீர் பரப்பி, மறுபடி மட்டமாக்கும் வாகனத்தை ஓட்டுவது அவருடைய வேலை. மண்டபம் கொம்யூனுக்கு, அதாவது நகராட்சிக்குச் சொந்தம். அவரும் கொம்யூனின் ஊழியர். நகரத்தின் ஐஸ் ஹொக்கிக் கழகம் அங்கே வாடகைக்கு விளையாடியது. இந்த விவரம் பிறகு முக்கியமாகப் போகிறது. வீரர்களும் அவருடைய ஆட்கள் அல்ல, கழகமும் அவருடைய முதலாளி அல்ல.

குட்டையான உருவம். கோடையிலும் கம்பளித் தொப்பி. சமாதானம் பேசப் போன வீட்டில் தேத்தண்ணி கொடுத்தால் வாங்குவார், குடிக்கமாட்டார். ஒரு முடிவு வரும்வரை கோப்பை அவர் கையிலேயே இருக்கும். ஆறிப்போனதை என் அம்மா வாங்கிப்போய்ச் சுடவைத்துத் திரும்பக் கொண்டுவருவார். அவர் மறுபடியும் கையில் வைத்திருப்பார்.

நான் முதலில் பார்த்த வழக்கு எங்கள் வீட்டினுடையது. சித்தப்பாவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. சித்தப்பா ஓல்போர்க்கில் இருந்தார். அழைப்பைத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"சடங்கு வீடு எண்டா வீட்டுக்கு வந்து சொல்லவேணும். போனில சொல்லுறது பிட்சாவுக்கு ஓடர் குடுக்கிறதுக்கு."

சித்தப்பாவும் சும்மா இருக்கவில்லை. இரண்டு இடத்தில் வேலை செய்துகொண்டு மண்டபமும் எடுத்து ஓடித்திரிகிறவனிடம் அண்ணன் இதைக் கேட்கலாமா என்று தொடங்கி, அண்ணன் வராவிட்டால் சாப்பாடு மிச்சம் என்று முடித்திருக்கிறார். ஐஸ் அண்ணை அந்த வாக்கியத்தை ஓல்போர்க்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, மெதுவாக ஓட்டி, எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கிவைத்தபோது அது இப்படி இருந்தது:

"உங்கட தம்பி என்ன சொன்னவன் தெரியுமே? அண்ணை வராட்டி எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது எண்டவன்."

அப்பா யன்னலைப் பார்த்தார். "உவன் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டான்."

"சாப்பாட்டைப் பற்றித்தான் சொன்னவன். சத்தியமா."

அவர் போனபின் அப்பா மறுபடியும் சொன்னார், இது கழுவின சொல் என்று. அம்மா சேலைகளை எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டே பதில் சொன்னார்: "எனக்கும் தெரியும். எண்டாலும் ஒரு மனிசன் இவ்வளவு தூரம் மினக்கெட்டுக் கழுவிக் கொண்டந்திருக்கிறார். அதுக்காண்டியாவது போவம்."

போனோம். வாசலில் சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்தார். தான் என்ன சொன்னதாக இங்கே வந்து சொல்லப்பட்டது என்று சித்தப்பா கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் அது எழுதப்படாத விதி. வந்த சொல்லில் கொஞ்சம் கழித்துக்கொள்ளவேண்டும். மிச்சத்தை வைத்துக்கொண்டு இறங்கிப்போக வேண்டும். இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடாது.

ஐஸ் அண்ணையின் மனைவி மட்டும் இதில் பங்கு கிடைக்காதவர். "வெளியில கழுவுற மனிசன் வீட்டில ஒண்டும் கழுவுறேல்லை," என்று சொல்லிச் சிரிப்பார். "உப்புக் கூடினா கூடிட்டுது எண்டுதான் சொல்லுவார். சாப்பிட்ட கோப்பையும் கழுவார்."

அவருடைய முறையில் இன்னொரு நுட்பம் இருந்தது. அதை நான் செய்தியாளராக வேலை தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். ஒருவர் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், அதற்குப் பதிலாக அவர் என்ன கேட்கிறார் என்பதை இவர் மற்றவரிடம் சொல்லவே மாட்டார். கொடுத்ததை மட்டும் கொண்டுபோவார். கேட்டதை வழியில் இறக்கிவிடுவார். கேட்காமலே மற்றவர் கொடுப்பார் என்பது அவருடைய கணக்கு.

"ஒரு ஆள் இறங்கி வந்தா மற்ற ஆள் கதிரையில இருப்பாரே? வெக்கம் விடாது," என்பார்.

எங்கள் வீடுகளில் அந்தக் கணக்குப் பெரும்பாலும் பிழைத்ததில்லை. டெனிஷ்காரரிடமும் ஒருமுறை பலித்தது. பிள்ளைகளுக்குப் பனிநடனம் பழக்கும் ஆசிரியைக்கும் சிறுவர் ஹொக்கிப் பயிற்சியாளருக்கும் சனிக்கிழமைக் காலையில் பனித்தளம் யாருக்கு என்பதில் நீண்டநாள் சண்டை. இவர் ஆசிரியையிடம் போய், உங்கள் பிள்ளைகள் சுழல்வதைப் பார்த்து அந்த மனிதர் வாய்பிளந்து நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் வாய்பிளந்து கொட்டாவி விட்டதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ஆசிரியை அவருக்கு அப்பிள் கேக் கொண்டுவந்தார். பயிற்சியாளர் திகைத்துப்போய் அரை மணித்தியாலத்தை விட்டுக்கொடுத்தார். அந்தக் கேக்தான் அண்ணையைக் கெடுத்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படி நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஹொக்கிக் கழகத்தில் தகராறு தொடங்கியது ஒரு கோடையின் முடிவில், ஆட்டப் பருவம் தொடங்கப்போகும் நேரத்தில். இரண்டே விடயங்கள். ஒன்று, காயப்பட்டு ஆடமுடியாமற் போகும் வீரருக்குச் சில வாரங்களின் பின் சம்பளத்தை நிறுத்தக் கழகம் விரும்பியது. இரண்டு, வீரர்களின் ஒப்பந்தம் விளையாடும் மாதங்களுக்கு மட்டும் போதும், கோடைக்கு இல்லை என்றது. வீரர்கள் இரண்டையும் மறுத்தார்கள். முறைப்படி அறிவித்தல் கொடுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கழகம் பதிலுக்குக் கதவடைப்பு என்றது. உள்ளூர்ப் பத்திரிகையில் எனக்கு அந்தச் செய்தி தரப்பட்டது. தினமும் மண்டபத்துக்குப் போனேன்.

வெளியே வீரர்கள் சங்கத்தின் மஞ்சள் மேலங்கியுடன் நிற்பார்கள். கரியடுப்பில் சொசேஜ் வாட்டுவார்கள். உள்ளே, மாடியில், கழக இயக்குநர் தன் அறையில் தனியே இருப்பார். அவரும் ஒரு காலத்தில் இதே அணிக்கு ஆடியவர். அணித்தலைவர் பதின்வயதில் வந்து சேர்ந்தபோது சறுக்குக் காலணிக்கு நாடா கட்டிவிட்டவர் என்று சொல்வார்கள். இப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. கார்த் தரிப்பிடத்தில் இயக்குநரின் கார் வரும்போது அணித்தலைவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இரண்டு பக்கத்துக்கும் போய்வரக்கூடிய ஒரே ஆள் ஐஸ் அண்ணை. பிள்ளைகளின் வகுப்புகள் நடந்துகொண்டிருந்ததால் பனித்தளம் வேண்டும். காலையில் வரும்போது அடுப்பருகே நின்று வீரர்களோடு கோப்பி குடிப்பார். பிறகு உள்ளே போய் இயக்குநரோடு கோப்பி குடிப்பார். கீழே கேட்பார்கள், அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று. மேலே கேட்பார், பையன்கள் என்ன சொல்கிறார்கள் என்று. கேட்டால் சொல்லாமல் இருக்கக்கூடியவர் அல்ல அவர்.

என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "பேப்பருக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை. ரெண்டு பகுதியும் நல்ல மனிசர். கோவத்தில நிக்கினம், அவ்வளவுதான்."

"கோவம் இல்லை அண்ணை. ஒப்பந்தத்தில பிரச்சினை."

"கோவம் இல்லாமலே அடுப்புப் பக்கம் திரும்புறார்?"

இரு பக்கமும் சேர்ந்து வெளியிலிருந்து இணக்கம் பேச ஒரு பெண்மணியை அழைத்தார்கள். கீழறையில் வீரர்கள், மேலறையில் கழகம், இடையில் அந்த அம்மா. கையில் ஒரு தாள். கீழே வாசிப்பார், பதிலை எழுதிக்கொள்வார், மேலே வாசிப்பார். ஐஸ் அண்ணை படிக்கட்டடியில் பனி வாரியோடு நின்று அவரைப் பார்த்தபடியே இருந்தார். மாப்பிள்ளை வீட்டாரை அளக்கும் பார்வை அது.

"உந்த மனிசியும் என்ர வேலைதான் செய்யிறா," என்றார் என்னிடம். "ஆனா கழுவுறேல்லை. எழுதினதை எழுதினபடி நீட்டுறா. உதுக்கு ஒரு ஆள் தேவையே? தாளைக் கயித்தில கட்டி இழுத்தாப் போதும்."

அந்த அம்மா இரண்டுமுறை வந்து போனார். ஒன்றும் நகரவில்லை. அதன்பிறகு அண்ணை மண்டபத்துக்குள் நடப்பது மாறியது. உடைமாற்றும் அறையிலிருந்து மாடிப்படிக்கு நேர்வழி உண்டு. அவர் அதை விட்டுப் பனித்தளத்தைச் சுற்றி, பார்வையாளர் இருக்கைகளுக்குப் பின்னால், நீளமான வழியால் போகத் தொடங்கினார். கண்டதும் எனக்கு விளங்கியது. கார் ஓட்ட அங்கே இடமில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை பெற்றோல் நிலையத்தில் அணித்தலைவரைக் கண்டேன். எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு வாக்கியம் சொன்னார். காயப்பட்டவனின் சம்பளத்தில் கைவைக்காவிட்டால், கோடையை நாங்கள் விழுங்கிக்கொள்வோம். இதை என் பையன்கள் கேட்டால் என்னை உரித்துவிடுவார்கள் என்றும் சொன்னார். நான் எழுதவில்லை. இன்றுகூட பெயரும் ஊரும் சொல்லாமல், அவர் யாரென்று தெரியாதபடிதான் எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை இரண்டு தரப்பும் ஒரே அறையில் சந்திப்பதாகச் செய்தி வந்தது. தாள் அம்மா இல்லாமல், நேருக்கு நேர். நான் வெளியே நின்றேன். இயக்குநர் கேக்கோடு வந்தார். அதில் பிறந்தநாளுக்குக் குத்துவதுபோல் சிறிய டெனிஷ் கடதாசிக் கொடிகள் குத்தியிருந்தன. அணித்தலைவர் மஞ்சள் மேலங்கியைக் கழற்றிவிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இருவருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல வாரங்களாக இந்த முகங்களைப் பார்த்துவந்த எனக்கு அது விளங்கவில்லை. கூட்டம் நடக்கும் அறைக்கு எதிரே, தொப்பியைச் சரிசெய்தபடி, அண்ணை தன் வாகனத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். தாலி கட்டும் நேரம் பார்த்து நிற்பவர்போல் இருந்தார்.

உள்ளே நடந்ததை இரு தரப்பிடமும் தனித்தனியே கேட்டு எழுதினேன். இந்த இடத்தில் மட்டும் இரண்டும் பொருந்தின.

இயக்குநர் தொடங்கினார்: "கோடையை விட்டுக்கொடுத்ததற்கு நன்றி. இனி மிச்சம் காயம் பற்றிய பிரிவு மட்டும்தான்."

அணித்தலைவர் சொன்னார்: "காயம் முடிந்த விடயம்தானே? அதை நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். நாங்கள் கோடையைப் பேச வந்திருக்கிறோம்."

"யார் சொன்னது?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

வீரர்கள் எல்லோரும் திரும்பி அணித்தலைவரைப் பார்த்திருக்கிறார்கள். நீ கோடையைக் கொடுத்துவிட்டாயா? கழகத்தின் நிர்வாகக் குழுவினர் இயக்குநரைப் பார்த்திருக்கிறார்கள். எங்களைக் கேட்காமல் காயப் பிரிவைக் கைவிட்டாயா? இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. பிறகு எதிரிலிருப்பவர்தான் ஏமாற்றுகிறார் என்றார்கள். கேக்கை யாரும் வெட்டவில்லை. கதவு திறந்தபோது இயக்குநரின் கழுத்து சிவந்திருந்தது. அண்ணை வாகனத்திலிருந்து இறங்கி ஓரடி வைத்தார். இருவரும் அவரைக் கடந்து வெவ்வேறு வாசலால் போனார்கள்.

அடுத்த வாரம் கழகம் அணியை லீக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. அந்த ஆண்டு எங்கள் நகரத்தில் பருவமே இல்லை.

காரணம் என்ன என்று கேட்பது என் வேலை. கழக நிர்வாகக் குழுவின் தலைவர், விலகுவதென்று கோடையிலேயே தீர்மானித்துவிட்டோம், அந்தக் கூட்டம் வெறும் சம்பிரதாயம் என்றார். இயக்குநர், அந்தக் கூட்டத்தில் நம்பிக்கை உடைந்ததுதான் காரணம் என்றார். அணித்தலைவர், பொய் சொல்லி எங்களை அறைக்குள் அழைத்தார்கள் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, அப்படி அழைத்திராவிட்டால் நாங்கள் சந்தித்தே இருக்கமாட்டோம் என்றும் சொன்னார். மூன்று பேரும் சொன்னதை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். ஒன்றோடொன்று சேரவில்லை. அண்ணை பருவத்தைக் கெடுத்தாரா, ஏற்கெனவே செத்துப்போன பருவத்துக்கு உயிர்கொடுக்கப் பார்த்தாரா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.

நகரத்தில் அதைவிட மோசமான ஒன்று நடந்துகொண்டிருந்தது. அணித்தலைவரோடு மற்ற வீரர்கள் கதைப்பதை நிறுத்தினார்கள். அவருடைய வீட்டு வாசலில் யாரோ பழைய மஞ்சள் மேலங்கி ஒன்றை எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். இயக்குநரை வேலையிலிருந்து நீக்க நிர்வாகக் குழு கூடப்போவதாகக் கேள்விப்பட்டேன். இருவரும் இரகசியமாக விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் இருவர்மீதும் குற்றச்சாட்டு. மற்றவர்தான் இந்தக் கதையைக் கட்டியவர் என்று இருவரும் சொல்லித்திரிந்தார்கள்.

அப்போதுதான் அண்ணை பத்திரிகைக் காரியாலயத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதல்தடவையாக அவருடைய வழுக்கையைப் பார்த்தேன்.

"எழுது பிள்ளை. ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லேல்லை. கோடையைக் குடுத்தது, காயத்தைக் குடுத்தது, ரெண்டும் நான் உண்டாக்கின கதை."

அணித்தலைவரைப் பொறுத்தவரை இது உண்மையில்லை என்பது எனக்குத் தெரியும். பெற்றோல் நிலையத்தில் அந்த வாக்கியத்தை என் காதால் கேட்டவள் நான். அதை அண்ணையிடம் சொல்லவும் முடியாது. எழுதவும் முடியாது.

"உண்மையோ அண்ணை?"

"எழுதெண்டுறன்."

"உண்மையோ எண்டு கேக்கிறன்."

"ஆள் சொன்னதை எழுதுறதுதானே உன்ர வேலை? ஆள் நான். சொல்லுறன். எழுது."

"அவர் ஒண்டுமே சொல்லாமலோ நீங்கள் மேல போய்ச் சொன்னனீங்கள்?"

"அவன் சொன்னதை நான் ஏன் உனக்குச் சொல்லவேணும்? அவன் சொல்லேல்லை. அதை எழுது."

அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுத்தன. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அல்லது கவனித்தே சொன்னாரோ.

"உங்களைப் பொய்யன் எண்டு ஊர் சொல்லும்."

"எந்த ஊர்? டெனிஷ்காரரோ, எங்கட ஆக்களோ?"

"ரெண்டு பேரும்."

கொஞ்சநேரம் தொப்பியைத் தடவினார். "எங்கட ஆக்களுக்கு முந்தியே தெரியும்," என்றார்.

பத்திரிகை ஆசிரியரிடம் போனேன். அவர் டெனிஷ்காரர், நேரான மனிதர். பெயரைச் சொல்லி, தன் வாயால் ஒருவர் ஒப்புக்கொள்கிறார். வேலை செய்யும் இடம் தெரியும். வேறென்ன வேண்டும் என்றார். அண்ணை அப்படிச் சொன்னார் என்று எழுதினேன். அது உண்மை என்று எழுதவில்லை. வாசிப்பவர்கள் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை என்பது வேறு விடயம். அவருடைய பெயரும் படமும் முதற்பக்கத்தில் வந்தன. இங்கே பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஒருமுறை அச்சில் வந்தது போதும்.

பத்திரிகையின் இணையப் பக்கத்தில் அன்று வந்த கருத்துகளை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை. அவற்றில் நாகரிகமானது, ஒரு மண்டபக் காவலாளியை நம்பிய இரண்டு முட்டாள்கள் என்பது. ஆனால் அன்று முதல் அந்த இரண்டு முட்டாள்களும் துரோகிகள் இல்லை. நிர்வாகக் குழு கூடவில்லை. அணித்தலைவரின் வீட்டுக்கு இரண்டு வீரர்கள் பியர் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அண்ணைக்கு விழுந்த அடி நான் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை. கொம்யூன் அவரைக் கூப்பிட்டு, இனிமேல் ஐஸை மட்டும் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டது. எங்கள் ஆட்கள்தான் விலகினார்கள். அதே மாதம் விபோர்க்கில் ஒரு இளம் தம்பதிக்குள் பிரச்சினை. பெண்ணின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஐஸ் அண்ணையைக் கேட்டுப் பார்க்கலாமே என்றார் அம்மா. அந்தப் பெண்மணி கையை விரித்தார்.

"அவரை எப்பிடிக் கேக்கிறது? மருமோன் டெனிஷ் பேப்பர் வாசிக்கிறவன். இவர் வாயைத் திறந்தாலே உங்கட ஐஸ் அண்ணை பொய்யெல்லே சொல்லுவார் எண்டுவான்."

"முந்தியும் அப்பிடித்தானே சொன்னவர்?" என்றார் அப்பா.

"முந்தி ஆர் அதைச் சொன்னது?"

எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அச்சில் வந்தபின் தெரியாததுபோல் இருக்க முடியவில்லை. அவர் கழுவிக் கொண்டுவந்தால் கழித்து வாங்கிக்கொள்ள இனி ஆளில்லை. அப்படி ஆகும் என்று அவர் யோசித்தாரா? காரியாலயத்தில் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் இதைத்தான் யோசித்தார் என்று சிலநாள் நினைக்கிறேன். சிலநாள், அவர் ஒன்றையும் யோசிக்கவில்லை, இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்க்க முடியாத பலவீனம் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பருவம் இல்லாததால் குளிர்காலத்துக்கு முன்பே பனித்தளத்தை உருக்கிவிடக் கொம்யூன் முடிவு செய்தது. பிள்ளைகளை வேறு ஊருக்கு பஸ்ஸில் அனுப்பினார்கள். அண்ணைக்கு நீச்சல் தடாகத்தில் வேலை. "அதுவும் தண்ணிதான்," என்றார். "உறையாத தண்ணி. கண்காணிக்கிறது லேசு."

உருகும் பனித்தளத்தைப் படமெடுக்க ஒரு மத்தியானம் போனேன். சிவப்பு, நீலக் கோடுகள் நீருக்கடியில் கலைந்துகொண்டிருந்தன. அண்ணை இறப்பர் சப்பாத்தோடு தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அணித்தலைவர் தன் பையை எடுக்க வந்தார். நோர்வேயில் ஒரு அணியில் இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னார். அவர் உடைமாற்றும் அறையிலிருந்து பையோடு வெளியே வந்த நேரம் இயக்குநர் மாடியிலிருந்து சாவிக்கொத்தோடு இறங்கினார். இருவருக்கும் நடுவில் அண்ணை நின்றார். சுற்றிப்போக வேறு வழி இருந்தது. இருவரும் நின்றுவிட்டார்கள்.

அணித்தலைவர்தான் முதலில் பேசினார், அண்ணையைப் பார்த்து, டெனிஷில்.

"ஏன் அப்படிச் செய்தாய்? கோடையைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறேனா?"

நான் ஐந்தாறு அடி தள்ளி, கமெராவோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

"இல்லை," என்றார் அண்ணை. "நீ பேசவில்லை."

"நானும் பேசவில்லை," என்றார் இயக்குநர்.

"நீங்களும் பேசவில்லை."

இயக்குநர் தலையை ஆட்டினார். பிறகு அண்ணையைத் தாண்டி அணித்தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "என்னிடம் வந்து என்ன சொன்னார் தெரியுமா? நீங்கள் எல்லோரும் என்னைத் தகப்பன்போல் நினைக்கிறீர்களாம்."

அணித்தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்களிடம், நீங்கள் மாடியில் அழுதுகொண்டிருக்கிறீர்கள் என்றார்."

"அழுதுகொண்டா?"

"கோப்பிக் குவளைக்குள்."

"பைத்தியக்கார மனிதன்," என்றார் இயக்குநர். அண்ணை கேட்கும்படிதான் சொன்னார். பிறகு குனிந்து பையின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். மறுபுறத்தை அணித்தலைவர் பிடித்தார். ஈரத் தரையில் கவனமாகக் கால்வைத்து, அண்ணைக்கு இரண்டு பக்கத்தாலும் விலகி, பையை அவருடைய தலைக்கு மேலாகத் தூக்கிக் கடத்திக்கொண்டு வெளியே போனார்கள். இருவரில் யாரும் அவரிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அண்ணை தண்ணீர் தள்ளும் கோலைச் சுவரில் சாத்திவிட்டு வாசற்கண்ணாடிக்குப் போனார். நானும் போனேன். கார்த் தரிப்பிடத்தில் இரண்டு கார்கள் மட்டும் நின்றன. பையை அணித்தலைவரின் காருக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்துவிட்டு இருவரும் நின்றார்கள். இயக்குநர் கையால் எதையோ வரைந்து காட்டினார். அணித்தலைவர் மறுத்துத் தலையசைத்தார். கோபமா, சிரிப்பா என்று கண்ணாடிக்குள்ளிருந்து தெரியவில்லை.

"பாத்தியே," என்றார் அண்ணை. "கதைக்கினம்."

"உங்களைத்தான் திட்டினம்."

"ஓம். வேற என்ன இருக்கு அவைக்குக் கதைக்க?"

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. எழுதுவதற்காக அல்ல, எனக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் கேட்டேன்: "அண்ணை, இயக்குநர் காயப் பிரிவை விடுறன் எண்டு உண்மையா உங்களிட்டைச் சொன்னவரோ?"

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொறு பிள்ளை," என்றார். "ஆராவது கார்க் கதவைத் திறக்கினமோ எண்டு பாப்பம்."

இருவர் கையிலும் சாவி இருந்தது. யாரும் திறக்கவில்லை.